நன்னன் மலைக்குப் போன வழியும் எங்கள் ஆயாவின் மூட்டையும்

மலையில் ஓர் இரவு தங்கப் போகிறவர்கள் எதைச் சுமக்க வேண்டும், எங்கே படுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எங்கள் மாவட்டத்தில் சங்க காலத்திலேயே பதில் சொல்லிவைத்திருக்கிறார்கள். பத்துப்பாட்டின் பத்தாம் பாட்டான மலைபடுகடாம் அதுதான். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். அந்தச் செங்கண்மாதான் திருவண்ணாமலைக்கு மேற்கே பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைப் பருவதமலை என்கிறார்கள். சேயாறு இன்றும் செய்யாறாக ஓடுகிறது.

இந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் பல காலம் நடத்தியவன் நான். பத்தாம் வகுப்புப் பாடநூலில் இதிலிருந்து எடுத்துவைத்திருப்பது விருந்தோம்பல் பகுதி. தினைச்சோறும் இறைச்சியும் வரும் அந்த வரிகள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் 583 அடிகள் கொண்ட பாட்டில் வழியைப் பற்றிய பகுதி மிகப் பெரிது. அதை யாரும் படிக்காமல் போவதில் எனக்கு வருத்தம் உண்டு. என்னிடம் படித்து, இப்போது சென்னையிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, "ஐயா, ஜவ்வாது மலைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கலாம்னு இருக்கோம், என்ன வாங்கணும்?" என்று கேட்கிறார்கள். நான் இந்தப் பாட்டைத்தான் எடுத்து வைக்கிறேன்.

பாட்டு தொடங்குவதே மூட்டை கட்டுவதில்தான். நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்கள் முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று தங்கள் கருவிகளையெல்லாம் சுருக்குப் பைகளில் போட்டுக் காவடியாகக் கட்டியிருக்கிறார்கள். இருபுறமும் எடை சமம். கார்காலத்துப் பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதைப் போல அந்தப் பைகள் தொங்குகின்றன என்கிறார் புலவர். ஒரு பொருளும் கையில் இல்லை. மலையேறும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பது இதற்குள் அடங்கிவிடுகிறது. முதுகுப் பை வாங்கப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுமை இடுப்பிலும் தோளிலும் சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் இழுக்கிற பையை எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பாதி வழியில் அது பகையாகிவிடும்.

பிறகு வழி வருகிறது. போய் வந்த ஒரு கூத்தன், போகப் போகிற இன்னொருவனுக்குச் சொல்கிறான். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த கல்பொறிகள் இருக்கும், இருட்டில் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள். குழிகளில் பாம்பு சுருண்டிருக்கும், கவனமாகப் பார்த்து வலப்பக்கமாக விலகிப் போங்கள். பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிக் கடந்து போங்கள். பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் கோரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலை இருக்கும் மடுவின் கரையில் கொடிகளைப் பற்றி, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்தபடி கடந்து செல்லுங்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பான இடம் ஒன்று உண்டு. அந்த மலையிலேயே பிறந்த குறவர்களும் குழம்பிப்போகிற இடத்தில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது? அங்கே இங்கே அலையாதீர்கள், அகலமான ஒரு பாறையில் எல்லோரும் ஒன்றாகக் கூடுங்கள், உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், ஒலி கேட்டுக் கானவர்கள் ஓடி வந்து வழி காட்டுவார்கள் என்கிறான் கூத்தன். நட, தேடு என்று அவன் சொல்லவில்லை. நில், கூடு, ஒலி எழுப்பு என்கிறான். இன்று மீட்புக் குழுவினர் கற்றுக்கொடுப்பதும் இதையேதான். பத்து ரூபாய் விசில் ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதற்கு இந்த வரிகள்தான் காரணம்.

கவர்வழிகளில் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போகவும் சொல்கிறது பாட்டு. பின்னால் வருகிறவன் தவறான கிளையில் போய்விடக் கூடாது என்ற அக்கறை அது.

தங்குவதற்கு இரண்டு இடங்கள் சொல்லப்படுகின்றன. மலையில் இருட்டிவிட்டால் குகைக்குள் ஒதுங்கி, சொந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்துவிட்டு, விடிந்தபின் புறப்பட வேண்டும். கீழே இறங்கிவிட்டால் இடையர்களிடம் தங்கலாம். அங்கே பால் கிடைக்கும். ஆட்டுத் தோல்களைச் சேர்த்துச் செய்த படுக்கை கிடைக்கும். தீயைத் துணையாக வைத்துக்கொண்டு தூங்கலாம். தோல் மெத்தை கீழே, தீ பக்கத்தில், மந்தையும் மனிதரும் சுற்றிலும். வெளியில் தூங்குவதற்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. போர்வையைப் பற்றிக்கூடப் பாட்டு பேசவில்லை. படுக்கையைப் பற்றித்தான் பேசுகிறது.

அது ஏன் என்பதை எங்கள் ஆயாவின் மூட்டையைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். செங்கத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். கார்த்திகை தீபத்துக்கு மாட்டு வண்டியில் திருவண்ணாமலைக்கு வருவார்கள். அந்தக் காலத்தில் தீபம் என்றால் மாட்டுச் சந்தையும் சேர்ந்ததுதான். மாடு விற்கவும் வாங்கவும் வருகிறவர்கள் வயல்வெளியிலும் மரத்தடியிலும் வண்டிகளை நிறுத்திப் பல நாள் தங்குவார்கள். வண்டியை அவிழ்த்துவிட்டால் அதன் அடிதான் வீடு. சுற்றிலும் தார்ப்பாயோ கோணியோ தொங்கும். நுகத்தடிப் பக்கம் மூன்று கல் வைத்தால் அடுப்பு.

ஆயாவின் மூட்டையில் முதலில் போவது கோணிச் சாக்கு. உள்ளே வைக்கோலைத் திணித்துக்கொள்ளலாம் என்பதால் வெறும் சாக்காகவே போகும். அதற்கு மேல் கோரைப்பாய், அதற்கு மேல் ஜமுக்காளம். போர்த்திக்கொள்ளக் குறும்பர் நெய்த கறுப்புக் கம்பளி. "மேல எவ்ளோ போத்தினாலும் கீழ ஈரம் ஏறுச்சுன்னா ராத்திரி பூரா பல்லு கிட்டும்டா ராசா" என்பார். அறிவியலும் இதைத்தான் சொல்கிறது. படுத்திருக்கும் உடம்பின் எடை அடியில் இருக்கிற துணியை நசுக்கிவிடுகிறது. நசுங்கிய துணியில் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் வெப்பத்தைத் தடுக்க எதுவும் இல்லை. உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நசுங்காத வைக்கோலும் கோரையும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருந்தன. இன்று கடைகளில் விற்கிற நுரைப்பாய் செய்வதும் அதே வேலைதான். கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால், பெரிய ஸ்லீப்பிங் பேக் வாங்குவதைவிட நல்ல நுரைப்பாய் ஒன்றும் வீட்டில் கிடக்கும் கம்பளி ஒன்றும் போதும் என்பேன். ஆட்டு மயிர்க் கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு தரும். பருத்திப் போர்வை நனைந்தால் குளிரைத்தான் தரும்.

சாப்பாடு கட்டுச்சோறு. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு. புளியும் எண்ணெயும் உப்பும் சேர்ந்தால் மறுநாளும் கெடாது. தயிர்ச்சோறு முதல் வேளைக்கு மட்டும். அவல், வெல்லம், எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் சமைக்க முடியாமல் மழை பிடித்துக்கொண்டால் எடுப்பதற்கு. தைத்த இலை, ஒரு செம்பு, ஒரு தூக்குவாளி, அரிக்கேன் விளக்கு, தனிப் புட்டியில் மண்ணெண்ணெய். பாத்திரம் இரண்டுக்கு மேல் கிடையாது. ஆயா எதையும் "இருக்கட்டும், உதவும்" என்று போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் திருவண்ணாமலைக்கு எதுவுமே இல்லாமல் வந்த ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையை விட்டுப் புறப்பட்ட 16 வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு பழைய நிலப்படப் புத்தகத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகில் உள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று கணக்கிட்டார். பயணச்சீட்டுக்கே 2 ரூபாய் 13 அணா போய்விட்டது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்பதை வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அந்தப் பாதை வருவதற்கு முன் அச்சான படம் அது. மீதிக் காசு தீர்ந்து, மாம்பழப்பட்டிலிருந்து நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 காலை இங்கே வந்து இறங்கினார். பழைய படத்தை நம்பாதே, வழியில் இருப்பவரைக் கேள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்கள் ஊரில் இல்லை. கைபேசியில் பதிவிறக்கிய படத்துக்கும் இது பொருந்தும்.

வந்தவர் ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்தார். சிறுவர்கள் கல்லெறியவே, அதற்குக் கீழே இருந்த பாதாள லிங்கக் குகைக்குப் போனார். இருட்டும் ஈரமும் நிறைந்த அந்தத் தரையில் பூச்சிகள் அரித்து அவர் தொடைகள் புண்ணாயின. தவத்தில் இருந்த அவர் அதை உணரவில்லை. பிறகு குருமூர்த்தத்தில் இருந்தார், மலைமேல் விரூபாட்ச குகையில் 1899 முதல் 1916 வரை வாழ்ந்தார், அங்கிருந்து கந்தாசிரமம் போனார். ஞானிக்கு அது முடிந்தது. ஆனால் அவருடைய உடம்புக்கும் தரை தரையாகத்தான் இருந்தது. விரூபாட்ச குகையையும் கந்தாசிரமத்தையும் போய்ப் பார்க்கிறவர்கள் அவை அமைந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். காற்றுக்கு மறைவு, பக்கத்தில் தண்ணீர், வெள்ளம் வராத மேடு. துறவிகள் இருந்து பார்த்துத் தேர்ந்த இடங்கள் அவை.

இடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இதே அண்ணாமலையின் சரிவு இடிந்து வ.உ.சி. நகர் வீடுகள்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மகாதீபத்துக்குப் பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை. 2,668 அடி உயர மலை, ஊரார் கண்முன்னே நிற்கிற மலை, நம் பாட்டன் முப்பாட்டன் ஏறிய மலை. ஆனாலும் பாறையும் மண்ணும் நீரைக் குடித்துவிட்டால் எந்தப் பழக்கமும் உதவாது. மழை பெய்யும் நாளில் சரிவின் அடியிலோ ஓடையின் படுகையிலோ விரிக்கிற டென்ட் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் ஏறும் தீ சரிவில் மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு ஒழுங்கான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது. அந்த வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்தவர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பாறையில் நின்று வாத்தியம் வாசித்தால் ஓடி வரும் கானவர்களின் பேரப்பிள்ளைகள் என்றே அவர்களை நினைக்கிறேன்.

டென்ட் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். மேல்துணிக்கும் உள்துணிக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் மூச்சுக்காற்றே விடியற்காலையில் நீராகி மேலே சொட்டும். அடித்துணி விளிம்பு ஒரு சாண் உயரமாவது மேலே ஏறியிருக்க வேண்டும். வாங்கியதும் மொட்டை மாடியில் ஒருமுறை விரித்து, குடத்து நீரை ஊற்றிப் பாருங்கள். உள்ளே அடுப்பு மட்டும் வேண்டாம். மூடிய துணிக்குள் எரியும் அடுப்பின் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

முதல்முறை போகிறவர்கள் வனத்துறையின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டிலும் இரவு தங்காதீர்கள். அண்ணாமலையின்மேல் தங்குவதும் கூடாது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அனுமதியுள்ள இடத்தில், உள்ளூர்க்காரர் ஒருவரோடு தங்குங்கள். கார்த்திகையில் மழை, மாசி பங்குனியில் தீ. என்னைக் கேட்டால் தை மாதம் போங்கள். ஓடைகளில் தண்ணீர் இருக்கும், மண் காய்ந்திருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும்.