பெட்டிக்குள் ஒட்டியிருந்த தாள்

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, உள்சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழுப்பேறிய தாள். அதில் மூன்று வால்வுகளின் எண்கள்: 5ஒய்3, 6வி6, 12ஏஎக்ஸ்7. பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பால் குத்திய இரண்டு எழுத்து: ஓ, டி.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியில் ஒரு வீட்டு கராஜ். விற்றவர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய அண்ணனுக்காக வாங்கிய ஆம்ப்ளிஃபயர் அது. அண்ணன் மூன்று மாதத்தில் கிதாரை விட்டுவிட, தம்பிக்கு வந்தது. ஃபெண்டர் சாம்ப். எட்டு அங்குல ஸ்பீக்கர், கறுப்பு முகப்பு, மூன்றே மூன்று திருகுகள். "வேலை செய்கிறதா?" என்று கேட்டேன். "சத்தம் வரும்" என்றார். அது முழுப் பதில் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

சுவிட்சைப் போட்டால் உடனே ஒன்றும் நடக்காது. இருபது விநாடிபோல மௌனம். பிறகு பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் கனியத் தொடங்கும்போது, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஓர் இரைச்சல். கிதாரைச் செருகாமலே, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அது போகவில்லை. அன்றிரவு அப்பாவுக்கு போன் போட்டேன். விருதுநகரில் வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்.

"அப்பத்தா சேதிக்கு முன்னாடியே ரேடியோவப் போட்டு வச்சிருவாங்க. சூடாகணும்ல" என்று ஆரம்பித்தார். நான் போனை ஆம்ப் பக்கம் நீட்டினேன். நாலு விநாடி கேட்டார். "கண்டன்சர் போயிருக்கும்டா. மாத்து."

மாத்து என்று சொல்வது சுலபம். பழைய ஆம்ப் வாங்கி விற்கிற உலகத்தில், ஒரு கண்டன்சரை மாற்றுவது பழைய செப்புச்சிலையைப் புளி போட்டுத் துலக்குவது மாதிரி. உள்ளே இருப்பது எல்லாம் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தால் ஒரு விலை, கை பட்டிருந்தால் வேறு விலை. விலையை விடுங்கள். அறுபது வருடமாக யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிற முதல் ஆள் நானா என்ற தயக்கம் எனக்கு உண்மையிலேயே இருந்தது. எனவே தொடுவதற்கு முன் படிக்கலாம் என்று அந்தத் தாளிலிருந்து தொடங்கினேன்.

*

இரண்டு எழுத்து ஸ்டாம்ப் ஒரு தேதி. ஃபெண்டர் கம்பெனி 1951-ஐ ஏ என்று வைத்து வருடத்துக்கு ஓர் எழுத்து, மாதத்துக்கு ஓர் எழுத்து எனக் குறித்தது. ஓ என்றால் 1965, டி என்றால் ஏப்ரல். ஸ்பீக்கரின் விளிம்பிலும் ட்ரான்ஸ்ஃபார்மரின் வயிற்றிலும் எண்கள் உண்டு: செய்த கம்பெனிக்கு ஒரு மூன்றிலக்கக் குறி, பிறகு வருடம், வாரம். என்னுடையதில் எல்லாமே 1965-இன் முதல் வாரங்கள். ஒன்றோடொன்று பொருந்திப்போகும் சாட்சிகள்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி. அமெரிக்கன் டெலிபோன் அண்ட் டெலிகிராஃப், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆகிய கம்பெனிகளின் காப்புரிமைகளுக்கு அனுமதி பெற்றே இது தயாரிக்கப்பட்டது என்கிறது. கிதார் பெட்டிக்கும் டெலிபோன் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?

1880களில் எடிசன் தன் மின்விளக்குக்குள் ஒரு விநோதத்தைக் கவனித்தார். பல்புக்குள் தனியாக ஓர் உலோகத் துண்டை வைத்தால், சூடான இழையிலிருந்து வெற்றிடத்தைத் தாண்டி அதற்கு மின்சாரம் பாய்கிறது. 1904-இல் இங்கிலாந்தின் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் அதை ஒருவழிப் பாதையாக்கினார். தண்ணீர்க் குழாயில் ஒரே திசையில் திறக்கும் வால்வு மாதிரி என்பதால் அதற்கு வால்வு என்று பெயர். பிரிட்டிஷ்காரர்கள் வழியாக நமக்கும் அது வால்வுதான், அமெரிக்காவில் ட்யூப். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் செருகினார். வலையில் கொஞ்சம் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டம் அப்படியே ஏறி இறங்குகிறது. மதகைத் திறந்து மூட ஒரு கை போதும், பாய்வது ஏரித் தண்ணீர். ஆம்ப்ளிஃபயர் என்பது இவ்வளவுதான்.

வேடிக்கை, டி ஃபாரஸ்டுக்கே அது எப்படி வேலை செய்கிறது என்று சரியாகத் தெரியாது. உள்ளே மிச்சமிருக்கும் வாயுதான் முக்கியம் என்று நம்பினார். வாயுவை முழுவதும் வெளியேற்றினால்தான் ஒழுங்காக உழைக்கும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அவர்களில் டெலிபோன் கம்பெனிக்காரர்களும் உண்டு. அவர்களுடைய பிரச்சினை தூரம். கம்பி வழியாகப் போகும் குரல் போகப்போகத் தேய்ந்துவிடும். வழியில் ஆங்காங்கே அதைத் தூக்கிவிட ஏதாவது வேண்டும். டி ஃபாரஸ்டிடம் உரிமையை வாங்கி, வால்வைச் செம்மைப்படுத்தி, 1915 ஜனவரியில் நியூயார்க்கையும் சான்ஃபிரான்சிஸ்கோவையும் பேச வைத்தார்கள். அந்தக் காப்புரிமைகளின் நிழல்தான் ஐம்பது வருடம் கழித்து, கிதார் பழகும் ஒரு பையனின் பெட்டி வரை நீண்டிருக்கிறது.

*

லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1909-இல் பிறந்தவர், படித்தது கணக்கியல். பொருளாதாரப் பெருமந்தத்தில் கணக்கர் வேலை போனது. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். என் வீட்டிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணம். ரிப்பேர்காரராக அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: எந்தப் பொருளும் ஒருநாள் திறக்கப்படும். திறப்பவன் திணறக் கூடாது.

அவருடைய ஆம்ப்களை இன்றைக்கும் ரிப்பேர் செய்ய முடிவதற்கு அந்த மனநிலையும் ஒரு காரணம். 1948-இல் சாம்பியன் 800 என்ற பெயரில் மாணவர்களுக்கான ஒரு சின்ன ஆம்ப். அடுத்த வருடம் சாம்பியன் 600. ஐம்பதுகளின் நடுவில் அது வெறும் சாம்ப் ஆனது. மின்சாரத்தை ஒருதிசையாக்க ஒரு வால்வு, கிதாரின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்க ஒன்று, ஸ்பீக்கரைத் தள்ள ஒன்று. வெளிவருவது ஐந்தாறு வாட். பொதுவாகக் கிதார் ஆம்புக்கு இதைவிடச் சிறிய வடிவமைப்பு தேவைப்படாது. பாகங்கள் ஒரு நார்ப்பலகையில் துளைகளுக்கு இடையே வரிசையாக நிற்கும், துணி சுற்றிய கம்பிகள் அவற்றை இணைக்கும். ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொடர்ந்து போகலாம்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறேன். பதிமூன்று வருட சர்வீசில் நான் எழுதியவற்றில் பத்து வருடத்தைத் தாண்டி ஓடுவது ஒன்றுகூட இல்லை. சாம்பின் முழுச் சுற்றுப்படமும் ஒரே தாளில் அடங்கிவிடும். அதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட ராத்திரி கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

1965 ஜனவரியில், உடல்நிலை காரணமாக, லியோ தன் கம்பெனியை சிபிஎஸ் என்ற ஊடகப் பெருநிறுவனத்துக்கு விற்றார். 13 மில்லியன் டாலர். சேகரிப்பவர்களுக்கு அது கி.மு., கி.பி. மாதிரி ஒரு கோடு. முன்னால் செய்ததெல்லாம் தங்கம், பின்னால் செய்தது தகரம். என் ஆம்பின் ஸ்டாம்ப் ஏப்ரல். கோட்டுக்கு மூன்று மாதம் அந்தப்பக்கம். ஆனால் அதே கட்டிடம், அதே பாகங்கள், அதே கைகள். முதலாளி மாறியது கம்பிக்குத் தெரியாது.

*

கைகள் என்றேன். அதைத் திறந்த பிறகுதான் பார்த்தேன்.

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்புக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்கள் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை மெல்ல வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே விரல் வைக்க வேண்டும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது பழைய ரேடியோக்காரர்களின் வழக்கம். ஷாக் அடித்தாலும் ஒரு கையிலிருந்து மறுகைக்கு நெஞ்சு வழியாகப் பாயாது. இது போதாதென்று, இந்தக் காலத்து ஆம்ப்கள் பலவற்றில் இரண்டு கால் ப்ளக், எர்த் கிடையாது. வீட்டு மின்கம்பிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே இரைச்சலைக் குறைக்க ஒரு கண்டன்சர். அது பழுதானால் கிதாரின் கம்பியே மின்கம்பி. அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்திருக்கும் பெயர், மரணக் கண்டன்சர்.

சட்டத்தின் உள்பக்கம், ஓரத்தில், ஒரு துண்டுக் காகித டேப். அதில் பென்சிலால் ஒரு பெயர். சூட்டில் வெந்து பாதி மறைந்துவிட்டது. முடிவில் ஓர் ஏ மட்டும் தெளிவு. ஐம்பது, அறுபதுகளின் ஃபெண்டர் ஆம்ப்கள் பலவற்றில் இப்படி ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் பெண்களின் முதல் பெயர். ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் கம்பி பற்றவைத்தவர்களில் பெண்கள் அதிகம், அவர்களில் மெக்ஸிக வம்சாவளியினர் நிறையப் பேர். தன் வேலைக்கு அடையாளமாக ஒட்டிய டேப் அது. முகப்பில் ஃபெண்டர் என்று பளபளக்கும் பெயர், கையால் செய்தவரின் பெயர் யாரும் பார்க்காத இடத்தில்.

நான் ஒவ்வொரு ஈயப்பற்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். அறுபது வருடம் சூடாகி ஆறியும் ஒன்றுகூட விடவில்லை.

*

இந்தப் பெட்டிகள் எதற்காகச் செய்யப்பட்டனவோ அதற்காக இன்று யாரும் இவற்றை வாங்குவதில்லை. லியோவுக்கு வேண்டியிருந்தது தெளிவான ஒலி. வால்யூமைக் கூட்டினால் ஒலி உடைவது அவர் கணக்கில் குறை. ஆனால் உடைவதைத்தான் ஜனங்கள் விரும்பினார்கள். 1951-இல் மெம்ஃபிஸுக்குப் பதிவுக்காகப் போன ஐக் டர்னர் குழுவின் ஆம்ப் வழியில் அடிபட்டுவிட்டது. ஒலிப்பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தார். அந்தக் கரகரப்பான 'ராக்கெட் 88' ஹிட்டானது. பழுது ஒரு பாணியானது.

சாம்ப் மாதிரிச் சின்ன ஆம்புக்கு இதில் தனி இடம். ஸ்பீக்கரைத் தள்ளுவது ஒற்றை வால்வு. அது அலையின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒரே மாதிரி வெட்டுவதில்லை. அந்தச் சமமின்மை வாசிக்கும் ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்தாயியையும் சேர்த்துவிடுகிறது. ஐந்து வாட் என்பதால் அறைக்குள்ளேயே முழுதாகத் திறந்து அந்த எல்லையைத் தொடலாம். 1970-இல் எரிக் கிளாப்டன் மியாமியில் 'லைலா' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது சாம்ப்தான் பயன்பட்டது என்று பரவலாகச் சொல்வார்கள். மாணவர் ஆம்ப் என்று விற்றதை வாத்தியார்கள் எடுத்துக்கொண்டார்கள்.

*

இரைச்சலுக்கு வருவோம். அதன் ஸ்தாயியைக் கிதாரோடு ஒப்பிட்டேன். ஐந்தாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் நடுவில் நின்றது. அதாவது 120 ஹெர்ட்ஸ். அமெரிக்க மின்சாரம் 60, அதை ஒருதிசையாக்கினால் இரட்டிப்பு. அந்த அலையைச் சமன்செய்ய வேண்டிய கண்டன்சர்கள் உலர்ந்துவிட்டன. பத்தாயிரம் மைல் தள்ளி, போனில் நாலு விநாடி கேட்டு அப்பா சொன்னது சரி.

இந்த வகைக் கண்டன்சருக்குள் இருப்பது ஈரமான மின்பகுபொருள். அது காலத்தில் காய்ந்தே தீரும். உலர்ந்ததை அப்படியே விட்டால் ஒருநாள் ஷார்ட்டாகி ட்ரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். அதைப் பார்த்தபோதுதான் என் தயக்கம் தீர்ந்தது. கண்டன்சர் எண்ணெய் மாதிரி, டயர் மாதிரி. லியோவே ரிப்பேர் கடையில் இருந்திருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றியிருப்பார். தொடாமல் வைத்திருந்தால் ஆம்பின் விலை நிற்கும், ஆம்ப் நிற்காது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மூன்று கால் ப்ளக், எர்த். மரணக் கண்டன்சரை வெட்டி எடுத்தேன். அலுமினிய டப்பாவை மாற்றினேன். டேப் இருந்த மூலைப் பக்கம் சால்டரிங் அயர்னைக் கொண்டுபோகவில்லை.

வால்வுகள் வேறு கதை. 1947-இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபோதே அவற்றின் நாள் எண்ணப்பட்டுவிட்டது. எண்பதுகளின் முடிவுக்குள் அமெரிக்காவின் பெரிய தொழிற்சாலைகள் மூடிவிட்டன. பெங்களூரில் நம் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்கூட ஒருகாலத்தில் ரேடியோ வால்வு செய்தது. பிழைத்தது பெரும்பாலும் இரும்புத்திரைக்கு அந்தப்பக்கமும் சீனாவிலும். 1976-இல் ஒரு சோவியத் விமானி மிக்-25 விமானத்தோடு ஜப்பானுக்குத் தப்பிவந்தபோது, அதன் ரேடாருக்குள் வால்வுகளைக் கண்டு அமெரிக்கர்கள் வியந்தார்கள். இன்று கிதார்காரர்கள் நம்பியிருப்பது ரஷ்யாவின் சரதோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, சீனா. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வுகள் வராது என்ற செய்தியில் விலை எகிறியது. டெலிபோனுக்காகச் செம்மையான பொருள், போர்விமானத்துக்காகப் பிழைத்து, கடைசியில் எங்களைப் போன்றவர்களால் ஓடுகிறது.

எனக்குக் கிடைத்தது ஸ்லோவாக்கியாவின் 6வி6. போட்டுவிட்டு கேத்தோடு ரெசிஸ்டரில் அளந்தேன். 470 ஓம், 20 வோல்ட். வகுத்தால் 43 மில்லி ஆம்பியர். 330 வோல்ட்டோடு பெருக்கினால் 14 வாட். பழைய கையேடு அந்த வால்வுக்குச் சொல்லும் வரம்பு 12. கம்பெனி அப்போதே அதைத் தாராளமாகத்தான் விரட்டியிருக்கிறது. புது வால்வு தாங்குகிறது. மாதம் ஒருமுறை மீட்டர் வைக்கிறேன்.

கழற்றியவை எல்லாவற்றையும், அந்த அலுமினிய டப்பா, கறுப்பு கார்டு, மரணக் கண்டன்சர் உட்பட, ஒரு ஜிப் பையில் போட்டு பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு சீட்டு: என்ன மாற்றினேன், எந்த மதிப்பு, என்ன தேதி. கையெழுத்துப் போடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். போடவில்லை. அடுத்துத் திறப்பவருக்குத் தேவையானது மதிப்பும் தேதியும்தான். பெயருக்கு உரியவர் ஏற்கெனவே உள்ளே எழுதியிருக்கிறார்.

போன வாரம் அப்பாவுக்கு மறுபடி போன் போட்டு, சுவிட்சைப் போட்டு, ஆம்ப் பக்கம் நீட்டினேன். இருபது விநாடி. "ஒண்ணும் கேக்கலயே" என்றார்.