பற்குச்சி

பல் துலக்குவதற்காக ஒரு முனையை மென்று நாராக்கிக்கொள்ளும் மரக்குச்சி. வடமொழியில் தந்தகாஷ்டம். தமிழ்நாட்டில் வேப்பங்குச்சி, ஆலம் விழுது, வேலங்குச்சி ஆகியவை பெருவழக்கு. ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்னும் பழமொழியில் வரும் ‘வேல்’ கருவேலையே குறிக்கும் என்பாரே மிகுதி. வேல இனம் முழுவதையும் சேர்ப்பாரும் உளர்.

பாபிலோனியர் கி.மு. 3500 அளவிலேயே குச்சி மென்றனர் என்று பல நூல்கள் எழுதுகின்றன. சான்று காட்டுவோர் குறைவு. சுசுருத சங்கிதை 12 விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனும் விதிக்கிறது.

பௌத்த வினய நூல்களில்தான் செய்தி கொட்டிக்கிடக்கிறது. பாலி மொழியிலுள்ள சுள்ளவக்கத்தின்படி, குச்சி மெல்லாத துறவியரின் வாய் நாறியதால் புத்தர் அதை அனுமதித்தார். உடனே சிலர் நீண்ட குச்சிகளை வைத்துக்கொண்டு, அவற்றாலேயே இளந்துறவியரை அடிக்கத் தொடங்கினர். 8 விரற்கடைக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. பிறகு ஒருவர் மிகக் குட்டையான குச்சியை மெல்ல, அது தொண்டையில் சிக்கியது. 4 விரற்கடைக்குக் குறையலாகாது என இன்னொரு விதி.

671இல் கடல்வழியே புறப்பட்டு, நாலந்தாவில் பல்லாண்டு பயின்ற சீனத் துறவி இ-சிங் தரும் அளவோ 8 முதல் 12 விரற்கடை. இவ்வேறுபாடு அவர் பின்பற்றிய மூலசர்வாஸ்திவாத மரபினால் வந்தது எனலாம். காலைதோறும் முனையை நிதானமாக மென்று துலக்க வேண்டும். பின் அதே குச்சியைப் பிளந்து வளைத்து நாக்கு வழிக்க வேண்டும். எறியும்போது விரலைச் சொடுக்கவோ இருமவோ வேண்டும் என்கிறார். அப்பக்கம் இருப்பவர் விலகிக்கொள்ளட்டும் என்பதற்காகப் போலும். சீனர் இதை ‘வில்லோக் கிளை’ என்று பெயர்த்ததை அவர் ஏற்கவில்லை: இந்தியாவில் அந்த மரமே அரிது.

இசுலாமிய மரபில் உகா மரத்தின் வேரும் குச்சியும் மிஸ்வாக் எனப்படும். நபிகள் வலியுறுத்தியதால் அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் உமிக்கரியும் செங்கற்பொடியும் குச்சியோடு கூடவே புழங்கின. பற்பொடியும் பற்பசையும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. நைலான் இழைப் பிரஷ் 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அண்மைக் காலத்தில் வேப்பங்குச்சி, கட்டுக்கட்டாக உறையிலிடப்பட்டு இணையக் கடைகளிலும் விற்கிறது.