உளச்சிகிச்சையில் ஆன்மிகமும் பண்பாட்டு நம்பிக்கைகளும்

உளச்சிகிச்சையில் ஆன்மிகத்தையும் பண்பாட்டு நம்பிக்கைகளையும் இணைத்தல் என்பது, நோயாளர் தம் துன்பத்துக்குத் தாமே கூறும் காரணத்தையும், அவர் நாடும் வழிபாடு, நேர்த்திக்கடன் முதலியவற்றையும் கேட்டறிந்து, அவற்றுக்குச் சிகிச்சையில் இடமளிப்பதாகும். அந்நம்பிக்கைகளை மருத்துவரும் ஏற்கவேண்டும் என்பது இதன் பொருளன்று.

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் இலத்தீன அமெரிக்க மக்களிடையே இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அச்சத்தால் உயிர் உடலைவிட்டு அகலும் என்று அவர்களுள் பலர் கருதும் 'சுஸ்தோ' நிலை, குழந்தை 'பயந்துவிட்டது' என்று மந்திரித்துக் கயிறு கட்டும் தமிழர் வழக்கோடு ஒப்புநோக்கத்தக்கது.

இந்தியச் சூழல்

பெங்களூரில் இருந்த அனைத்திந்திய மனநல நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றிய மருத்துவர் என். சி. சூர்யா, ஜெயராமுடன் இணைந்து 1964இல் எழுதிய கட்டுரை இத்துறையில் முன்னோடியானது. இந்திய நோயாளர் தம் உள்மனத்தை ஆராய்வதைவிட நேரடி ஆதரவையே நாடுகின்றனர் என்றும், மருத்துவரைக் குடும்பத்து மூத்தவராகக் கருதுகின்றனர் என்றும் அது கூறிற்று. விலகி நிற்கும் மேலைநாட்டு மருத்துவரின் நிலை இங்குப் பொருந்தாது என்பது இதனால் பெறப்படும். சூர்யா பின்னர்ப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் சேர்ந்தார். குரு-சீடர் உறவையே சிகிச்சை உறவுக்கு மாதிரியாகக் கொள்ளலாம் என்று ஜே. எஸ். நேக்கி 1973இல் எழுதினார்.

கோயிலில் தங்குதல்

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலுள்ள முத்துசாமி கோயிலில் 2000ஆம் ஆண்டில் தங்கிய 31 பேரை ரகுராம் முதலியோர் ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயினர். அங்குத் தனிச் சடங்கோ மருந்தோ இல்லை. காலைப் பூசையில் கலந்துகொள்வதும், இடத்தைப் பெருக்குவதும், செடிகளுக்கு நீர் ஊற்றுவதுமே அன்றாடப் பணிகள். உறவினர் உடன் தங்கினர். நோய்க்குறி அளவீடு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அச்சமற்ற, ஆதரவான சூழலே இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. எனினும் ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லாததால் இம்முடிவை அளவோடு கொள்ளவேண்டும்.

ஏர்வாடியும் அதன் பின்னும்

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடிவந்தோரை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் 2001 ஆகத்து 6 அன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றது நம்பிக்கையன்று, சங்கிலியே எனலாம். ஆயினும் சிகிச்சைக்கு மாற்றாக நம்பிக்கை வணிகமாக்கப்பட்டதையும் மறுப்பதற்கில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

குசராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008இல் 'தவா-துவா' (மருந்தும் வேண்டுதலும்) திட்டம் தொடங்கப்பட்டது. வேண்டுதலுக்கு வருவோரைத் தர்காவின் முசாவர்களே வளாகத்திலுள்ள மனநல மருத்துவரிடம் அனுப்புவர்; வேண்டுதலை நிறுத்துமாறு எவரும் கூறுவதில்லை. பின்னர் இம்முறை ஏர்வாடித் தர்காவிலும் மேற்கொள்ளப்பட்டது.