இல்லாத வசதியின் வரலாறு

ஹேவ்லாக் தீவின் (2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு) பவளப்பாறைகளை நீருக்கடியில் படமெடுப்பவர் முதலில் இழப்பது சிவப்பு நிறத்தை. கடல்நீர் சிவப்பொளியை முதற்சில மீட்டர்களிலேயே பெருமளவு உறிஞ்சிவிடும். 2010 கோடையில் அந்தமான் கடலின் பவளங்கள் பரவலாக வெளிறின. அத்தகைய காலத்துப் படமொன்றில் தெரியும் வெண்மை பவளத்தினுடையதா, கேமரா தானாகச் செய்த நிறத்திருத்தத்தின் விளைவா? இதைச் சோதிக்கப் பெரிதும் உதவுவது, சென்சார் பதிந்த தரவைத் திருத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பு. ஜேபெக் கோப்பிலோ கேமராவே நிறத்தை முடிவுசெய்து, எஞ்சிய தரவைக் களைந்துவிடுகிறது.

ஒலிம்பஸ் நிறுவனம் 2011இல் தன் எக்ஸ்இசட்-1 சிறு கேமராவில் ரா வசதியை அளித்தது. நீர்புகாத அதன் டஃப் வரிசைக்கு அவ்வசதி 2015இல், டிஜி-4 வழியாகவே வந்தது. முந்தைய ஆண்டின் டிஜி-3இலும் அதே 16 மெகாபிக்சல், அதே நான்கு மடங்கு ஜூம். அதுவரை ரா கோப்பு வேண்டிய முக்குளிப்பாளர் வேறொரு கேமராவை நாட வேண்டியிருந்தது. பெரும்பாலும் அதற்கெனத் தனி நீர்புகா உறையும் வாங்க வேண்டியிருந்தது.

விலை குறைந்த கேமராவின் இன்மைகள் இரு வகைப்படும். ஒன்று செலவைக் குறைப்பது. மற்றது வாங்குவோரைப் பிரிப்பது. 2003இல் வந்த கேனன் 300டி இரண்டுக்கும் சான்று. அவ்வாண்டே 1,499 டாலருக்கு வெளியான 10டியின் 6.3 மெகாபிக்சல் சென்சார் வகையே 899 டாலர் 300டியிலும் இருந்தது. உலோக உடலுக்குப் பதில் பிளாஸ்டிக் உடல். இது செலவுக் குறைப்பு. ஆனால் ஃப்ளாஷ் ஒளியளவுத் திருத்தம், ஐஎஸ்ஓ 3200 ஆகியவை அதில் இல்லாமைக்கு வன்பொருள் காரணமன்று. பயனர்கள் மென்பொருளை மாற்றியமைத்ததும் அவை இயங்கின. செய்ய இயலாததால் அன்று, 10டியை வாங்கக்கூடியவர் 300டியோடு நின்றுவிடலாகாது என்பதால் எழுப்பப்பட்ட வேலி என்றே இதைப் புரிந்துகொள்ள முடியும்.

இத்தருக்கம் கேமராவினும் பழையது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் டுப்யுயி 1849இலேயே, ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரையில்லாமைக்குக் காரணம் கூரையின் செலவன்று என்று விளக்கினார். இரண்டாம் வகுப்புக்குப் பணம் தரக்கூடியவர் கீழிறங்காமல் தடுப்பதே நோக்கம், நனைந்தவர்களோ ஏழைகள்.

எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லை. அவ்வின்மையே அதை இனங்காட்டுகிறது. கேமராவின் இன்மையையும் அவ்வாறே வாசிக்க வேண்டும். ஹேவ்லாக்கின் பவளம் குறித்து நாளை ஆராய்பவருக்குக் கிடைக்கும் சான்றுகளுள் பல, சுற்றுலாப் பயணிகளும் முக்குளிப்பு வழிகாட்டிகளும் எடுத்த ஜேபெக் படங்களாகவே இருக்கும். எந்தக் கேமரா, எந்த ஆண்டு, அது எதைப் பதியாமல் விட்டது என்று கேட்காமல் அவற்றின் நிறத்தை நம்புவது, கூரையில்லாப் பெட்டியைக் கண்டு அக்காலத்தில் மரம் கிடைக்கவில்லை என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பாகும்.