ரெஜெக்ஸ் பிடிப்புகளும் தொடர் ஏபிஐ அழைப்புகளும்

ரெஜெக்ஸ் பிடிப்பு என்பது, தேடல் வடிவத்தில் அடைப்புக்குறிக்குள் இட்ட பகுதியோடு பொருந்தும் எழுத்துத் துணுக்கைத் தனியே எடுத்துவைக்கும் வசதி. ஒரு ஏபிஐ தந்த விடையிலிருந்து இவ்வாறு எடுத்த எண்ணையோ பெயரையோ அடுத்த அழைப்பின் முகவரியில் செருகலாம். கோடி என்னும் ஊடக மென்பொருளுக்காக வலைத்தளங்களிலிருந்து பட விவரங்களைத் திரட்டும் எக்ஸ்எம்எல் ஸ்கிரேப்பர்கள் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

ரெஜெக்ஸின் வேர் கணிதத்தில் உள்ளது. நரம்பு வலைகளை ஆராய்ந்த ஸ்டீவன் கிளீனி ஒழுங்கு மொழிகளை வரையறுத்து 1951இல் ரேண்ட் நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை 1956இல் அச்சேறியது. ஆயினும் ரெஜெக்ஸைக் கணினியில் பயன்படும் கருவியாக்கியவர் கென் தாம்ஸனே. க்யூஇடி உரைத் தொகுப்பியில் அதைத் தேடல் வசதியாக அமைத்த அவர், 1968இல் அதன் நெறிமுறையைக் கட்டுரையாக வெளியிட்டார். கிளீனியின் அடைப்புக்குறி குறியீடுகளைச் சேர்த்துக் கட்டுமே தவிர, பொருந்தியதை நினைவில் வைக்காது. பிடிபட்டதை \1 முதல் \9 வரையான குறிகளால் திரும்ப அழைக்கும் வழக்கம் யூனிக்ஸின் எட் தொகுப்பி வழியே பரவியது. வடிவத்துக்குள்ளேயே அக்குறிகளை ஆளத் தொடங்கியதும், கிளீனி வரையறுத்த ஒழுங்கு மொழிகளின் எல்லை கடக்கப்பட்டது. அடுத்து ஹென்றி ஸ்பென்சரின் நூலகம் (1986), லாரி வாலின் பெர்ல் (1987), பிலிப் ஹேசலின் பிசிஆர்இ (1997) ஆகியவை வந்தன. கோடி பிசிஆர்இ மரபைச் சார்ந்தது.

ஸ்கிரேப்பரில் $$1 முதல் $$20 வரை இருபது பஃபர்கள் (தற்காலிக நினைவிடங்கள்) உண்டு. வலையிலிருந்து வந்த விடை $$1இல் அமரும். விவரம் திரட்டும் ஃபங்க்ஷனில் படத்தின் அடையாள எண் $$2இல் கிடைக்கும். டிஎம்டிபி என்னும் திரைப்படத் தரவுத் தளத்தில் 'தி மேட்ரிக்ஸ்' படத்தின் எண் 603. வடிவம் அவ்வெண்ணைப் பிடித்ததும், வெளியீட்டில் எழுதிய யூஆர்எல் டேகினுள் \1 இருக்கும் இடத்தில் 603 வந்து உட்காரும். அந்த டேகின் ஃபங்க்ஷன் பண்பில் குறித்த பெயரைப் பார்த்து, கோடி புதிய முகவரியைத் தரவிறக்கி அந்த ஃபங்க்ஷனிடம் ஒப்படைக்கும். படச் சுவரொட்டிகள், நடிகர் பட்டியல் எல்லாம் இப்படி அடுத்தடுத்த அழைப்புகளில் வந்து சேர்கின்றன. வலைக்குப் போகாமல் ஒரு மதிப்பை மட்டும் இன்னொரு ஃபங்க்ஷனுக்குத் தர செயின் டேக் உண்டு. நிரலாக்கம் பயிலாதவரும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்தித் தமக்கு வேண்டிய தளத்தை இணைக்க முடிந்தது இவ்வடிவமைப்பின் அருமை.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவதாக, ஒரு ஃபங்க்ஷன் முடிந்ததும் பஃபர்கள் அழிக்கப்படும். அடுத்ததற்கும் மதிப்பு வேண்டுமானால் அழிக்காதே என்று குறிப்பிட வேண்டும். அப்படிக் குறிப்பிட்டபின் வடிவம் பொருந்தாவிட்டால், பழைய மதிப்பு பஃபரிலேயே தங்கி, வேறொரு படத்தின் விவரத்தை இழுத்துவரக்கூடும். இரண்டாவதாக, இடைவெளியோ சிறப்புக் குறியோ உள்ள தலைப்பை முகவரிக்கேற்ப மாற்றியே செருக வேண்டும்.

எனினும் ஏபிஐகள் தரும் ஜேசன் வடிவ விடைகளைப் படிக்க ரெஜெக்ஸ் ஏற்றதல்ல. 2021இல் வந்த 19ஆம் பதிப்பு முதல் கோடியில் திரைப்படங்களுக்கு இயல்பாக அமைவது பைத்தான் ஸ்கிரேப்பர்.