நிலம் வகுத்த வழி: நொய்யல் வடிநிலமும் இப்னு கல்தூனின் பார்வையும்

மனித சமூகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது ஏன் என்ற வினாவுக்குக் குலத்தையும் வம்சத்தையும் விடையாகச் சொல்லி வந்த காலத்தில், நிலத்தையும் காற்றையும் உணவையும் சுட்டிக்காட்டியவர் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன். துனிஸ் நகரில் 1332இல் பிறந்த அவர், ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) எழுதிய 'முகத்திமா'வின் முற்பகுதியிலேயே, உலகை ஏழு இக்லீம்களாகப் பகுத்துக்காட்டும் புவியியலை வைத்துவிட்டுத்தான் அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிக்குள் நுழைகிறார். நபி நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாம் பெற்ற சாபத்தால் ஒரு சாராரின் தோல் கறுத்தது என்ற கதையை மறுத்து, வெப்பமே அதற்குக் காரணம் என்றார். செழிப்பில் திளைப்போரைவிட வறண்ட நிலத்தில் அளவாக உண்டு வாழ்வோர் உடலுறுதியும் அறிவுக்கூர்மையும் மிக்கவர் என்றும் கருதினார். கடுங்குளிர், கடுவெப்ப மண்டலங்களின் மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் சிலவற்றை இன்றைய அறிவியல் ஏற்காது. எனினும், ஒரு சமூகத்தை அறிய முதலில் அதன் நிலத்தை அறிய வேண்டும் என்ற அவரது அடிப்படை நெறி இன்றும் நிலைத்து நிற்கிறது.

அந்நெறியை உரசிப் பார்க்கத் தக்க உரைகல் நம் கொங்கு நாட்டிலேயே உண்டு. நொய்யல் ஆற்றுக்கு வடக்கே, பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தை அடுத்து, 15 வேலம்பாளையம் உள்ளது. தனி நகராட்சியாக விளங்கி 2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்த ஊர் அது. தறிச் சத்தமும் தையல் எந்திர ஓசையும் நிறைந்த இவ்வட்டாரம் ஏன் வயற்காடாக அமையாமல் ஆலைக்காடாக மாறியது என்ற வினாவின் விடை, மேற்கே நிற்கும் மலையிலிருந்து தொடங்குகிறது.

மலையும் கணவாயும்

பருவக்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மூலம், பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லே. அரபு மாலுமிகள் எந்தக் காற்றின் காலத்தைக் கணித்து மலபார்க் கரையை அடைந்தார்களோ, அதே தென்மேற்குக் காற்றுதான் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மேற்குச் சரிவில் மழையாகப் பொழிகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது வெப்பமடைந்து ஈரம் வற்றிய காற்றாகிவிடுகிறது. இதனால் திருப்பூர்ச் சமவெளி மழைமறைவு நிலமாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே இங்குக் கிடைக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மலைத்தொடர் அறுபட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் இந்நிலத்தின் இரண்டாவது இயல்பைத் தீர்மானித்தது. ஆனி, ஆடியில் அதன் வழியே வீசும் பெருங்காற்று இன்று பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. பண்டைக் காலத்தில் அக்கணவாயே மேலைக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த வணிகப் பெருவழி. அவ்வழியில், நொய்யலின் வடகரையில் அமைந்த கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள் மணிக்கற்பட்டறைகளையும் இரும்பு உருக்கு உலைகளையும் நூல் நூற்கும் தக்களிகளையும் வெளிக்கொணர்ந்தன. நெல் விளையாத நிலம் கைத்தொழிலையும் வணிகத்தையும் நாடியது நேற்று நடந்ததன்று என்பதற்கு இவை சான்று.

கொரங்காடும் கிணறும்

மழை குன்றிய மண்ணுக்கு ஏற்ற வாழ்வை இம்மக்கள் வகுத்துக்கொண்டனர். காங்கேயம் வட்டாரத்தின் கொரங்காடுகள் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கிளுவை முள்வேலி சூழ, வெள்வேல மரங்களுக்கிடையே கொழுக்கட்டைப்புல் வளரும் இம்மேய்ச்சல் நிலங்களே காங்கேயம் காளை இனத்தை வளர்த்தன. அக்காளைகள் கவலை இறைத்துக் கிணற்று நீரை மேலே கொணர்ந்தன. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, காஞ்சிமாநதி என்ற பழம்பெயரும் கொண்ட நொய்யலின் வெள்ளமோ, தொடர்ச்சியான தடுப்பணைகள் வழியே குளங்களில் தேக்கப்பட்டது. குளம் நிறைந்தால் கிணறு ஊறும் என்பது இந்நிலத்தின் எழுதாச் சட்டம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி அறிமுகமானபோது, கிணற்றுப் பாசனத்துக்குப் பழகிய இந்நிலம் அதை விரைந்து ஏற்றது. திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் அரவை ஆலைகளின் ஊராகவும் வளர்ந்தது. நீலகிரியின் பெருமழை பைக்காராவில் 1932 முதல் மின்சாரமாகி இச்சமவெளிக்கு இறங்கிவந்தது. மழையைத் தடுத்த மலையே மின்சாரத்தைத் தந்தது எனலாம்.

பனியன் நகரம்

இப்பின்னணியில்தான் 1925இல் குலாம் காதர் என்ற முஸ்லிம் தொழில்முனைவர் திருப்பூரில் முதல் பின்னலாடை ஆலையை நிறுவினார் எனத் தொழில் வரலாறு பதிவுசெய்கிறது. பஞ்சும் நூலும் அருகிலேயே கிடைத்தன. வெளுத்த துணியை உலர்த்த வறண்ட வெளியும் தடையற்ற வெயிலும் இருந்தன. வானம் பார்த்த வேளாண்மையின் நிச்சயமின்மை, உழவர் குடும்பங்களை ஆலைகளுக்கு அனுப்பியது. பின்னர் அவர்களுள் பலரையே ஆலை உரிமையாளர்களாகவும் ஆக்கியது. வறுமை உழைப்பையும் சிக்கனத்தையும் கற்பிக்கும் என்ற இப்னு கல்தூனின் கருத்து இங்கே மெய்யாயிற்று.

ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. வறண்ட நிலத்தின் உறுதியால் எழுந்த சமூகம் செல்வத்தில் திளைக்கத் தொடங்கும்போது, தன்னை உருவாக்கிய பண்பை இழந்துவிடும் என்பது அவரது வரலாற்றுக் கோட்பாட்டின் மறுபாதி. சிக்கனமாக நீரைக் கையாண்ட இந்நிலம், ஏற்றுமதி பெருகிய ஆண்டுகளில் சாயக்கழிவை ஆற்றில் விட்டது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே உப்பும் சாயமும் தேங்கும் குட்டையானது. கீழ்மடை உழவர்கள் தம் அணையின் நீரைத் திறக்க வேண்டாம் என்று கோரும் நிலை வந்தது. அவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. கழிவுநீர் வெளியேற்றம் தொடர்ந்ததால் 2011 ஜனவரியில் நூற்றுக்கணக்கான சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையுடன் ஆலைகள் பின்னர் திறந்தன. எனினும், நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பை எங்கே வைப்பது என்ற சிக்கல் முற்றிலும் தீரவில்லை. ஊரின் தாகமும் ஆலைகளின் தேவையும் 2005 முதல் தொலைவிலுள்ள காவிரிப் படுகையிலிருந்து குழாய் வழியே வரும் நீரையும் நம்பியுள்ளன.

மேல்மடையாரின் கடமை

இங்கே ஃபிக்ஹு அறிஞர்களின் நுண்மை நினைவுகூரத் தக்கது. ஒருவர் கிணறு வெட்டினால் அதைச் சூழ்ந்த குறிப்பிட்ட எல்லையை 'ஹரீம்' எனக் காத்து, பிறர் அங்கே அதன் நீருக்கு ஊறு செய்யலாகாது என வரையறுத்தனர். நீரையும் மேய்ச்சலையும் நெருப்பையும் மக்களின் பொதுப் பங்காகக் கருதும் நபிமொழியும், பிறருக்குத் தீங்கிழைத்தல் கூடாது என்னும் சட்ட விதியும் அவர்களுக்கு வழிகாட்டின. நீர் அரிதான நிலத்தில் தழைத்த சட்டம் அது. ஆதலால் மழைமறைவு நிலத்தில் வாழும் நமக்கு அது மிக நெருக்கமானது. நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. சாயத்தொட்டியிலிருந்து கசியும் உப்பு, அடுத்த ஊரின் கிணற்றை அடையும்போது அதன் ஹரீம் மீறப்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

மலையும் காற்றும் மண்ணும் மனிதனுக்கு ஒரு வாய்ப்பையும் ஓர் எல்லையையும் சேர்த்தே வழங்குகின்றன. கொடுமணல் முதல் வேலம்பாளையம் வரை இவ்வடிநிலத்தார் அவ்வாய்ப்பை ஈராயிரம் ஆண்டுகளாகத் திறம்படப் பயன்படுத்தினர். எல்லையை மறந்தது ஒரு தலைமுறைக் காலத்தில்தான். முதல் பின்னலாடை ஆலையை ஒரு முஸ்லிம் நிறுவினார் எனப் பெருமிதத்துடன் சொல்லும் நாம், அத்தொழில் பயன்படுத்திய நீருக்கான பொறுப்பிலும் பங்காளிகளே. பெருமையில் பங்கு கேட்போர் அமானிதத்தில் விலகி நிற்க இயலாது. வெள்ளியங்கிரியின் ஓடைகள் ஒவ்வோர் ஆண்டும் தம் அளவான நீரை இறக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அது காவிரியைச் சேரும்போது எந்நிலையில் சேர வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு இடையில் வாழ்வோரிடம் விடப்பட்டுள்ளது.