'கூகுள் மூலம் லாகின்' கொடுத்தால் உங்கள் பாஸ்வேர்டு யாருக்குப் போகும்?

புதிதாக ஒரு ஆப்பைத் திறந்ததும் 'கூகுள் மூலம் உள்நுழைக' என்று ஒரு பட்டன் வரும். தட்டினால் வேலை முடிந்தது. ஆனால் பலருக்கும் ஒரு சந்தேகம்: நம்ம ஜிமெயில் பாஸ்வேர்டு அந்த ஆப்காரர்களிடம் போய்விடுமா?

போகாது. பட்டனைத் தட்டியதும் திறப்பது கூகுளின் சொந்தப் பக்கம். பாஸ்வேர்டைக் கேட்பதும் சரிபார்ப்பதும் கூகுள்தான். அந்த ஆப்பின் கைக்குப் போவது 'டோக்கன்' எனப்படும் அனுமதிச் சீட்டு மட்டுமே. சாவிக்கொத்தை மொத்தமாகக் கொடுக்காமல், ஒரே ஒரு அறையின் சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்பது மாதிரி.

இந்த முறையின் பெயர் 'ஓஆத்'. இதன் 2.0 பதிப்பு 2012 அக்டோபரில் வெளியானது. இதெல்லாம் பரவலாகும் முன்பு நிலைமை மோசம். ட்விட்டரில் பதிவு போட உதவிய வெளி ஆப்கள், பயனரின் ட்விட்டர் பாஸ்வேர்டையே வாங்கி வைத்துக்கொண்டன. அந்த ஆப்பை யாராவது ஹேக் செய்தால் கணக்கே போச்சு. 2010 ஆகஸ்ட் இறுதியில்தான் ட்விட்டர் அந்த வழியை அடைத்தது.

அப்போ இனி பயமே இல்லையா?

அங்கேதான் சிக்கல். 2017 மே 3 அன்று பலருக்கும் ஒரு மெயில் வந்தது. தெரிந்தவர் ஒருவர் 'கூகுள் டாக்ஸ்' கோப்பைப் பகிர்ந்திருப்பதாக அதில் இருந்தது. தட்டினால், நிஜமான கூகுள் பக்கமே திறந்து அனுமதி கேட்டது. ஆனால் அனுமதி கேட்ட ஆப் கூகுளுடையது அல்ல. யாரோ ஒருவர் 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்து உருவாக்கியது! 'அனுமதி' கொடுத்தவர்களின் மெயிலையும் தொடர்புப் பட்டியலையும் அணுகும் உரிமை அதன் கைக்குப் போனது. அவர்களின் பெயரிலேயே அடுத்தவர்களுக்கும் மெயில் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் இதை நிறுத்தியது. ஜிமெயில் பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பாதிக்கப்பட்டதாகவும் தெரிவித்தது. இதில் யாருடைய பாஸ்வேர்டும் திருடப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அதனால், அவசரத்தில் நாம் படிக்காமல் தாண்டிவிடும் அந்த அனுமதிப் பக்கம்தான் முக்கியம். வெறும் லாகினுக்குப் பெயர், மெயில் முகவரி, புகைப்படம் போதும். ஒரு போட்டோ எடிட்டிங் ஆப், 'உங்கள் மெயில்களைப் படிக்க, அனுப்ப, நீக்க' என்று கேட்டால் எதற்கு?

ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளை, கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்பு ஆப்களுக்கான இடத்தில் பார்க்கலாம், நீக்கலாம். போனில் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த அனுமதி தானாகப் போகாது. பாஸ்வேர்டை மாற்றினால்? ஜிமெயிலைப் படிக்கும் அனுமதி உள்ள டோக்கன்களை கூகுள் ரத்து செய்துவிடும், மற்றவை தொடரலாம். அதற்குள் அந்த நிறுவனம் எடுத்துச் சேமித்துவிட்ட தகவல்களை அழிக்க, அவர்களிடம்தான் தனியாகக் கேட்க வேண்டும்.